கொங்கைத்தா எண்ட இடம் எந்த மெப்பில இருக்கு? சயாம் - பர்மா எல்லைப் பழைய டொபோ ஷீட் வாசிக்கத் தெரிஞ்சாக்கள் வாங்கோ

பாரதிபுரம்_பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில இருந்து எழுதுறன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்து வாசியுங்கோ. எங்கட குடும்பம் 77 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம், பூர்வீகம் சேலம். தாத்தாவோட மூத்தவர், நாங்க பெரிய தாத்தா எண்டு சொல்றது, அவர் மட்டும் கண்டிச்சீமைக்கு வராம நாகப்பட்டினத்தில கப்பலேறி மலாயாவுக்குப் போனவர், பேராக்கில ரப்பர் தோட்டம். 1943 இல யப்பான்காரன் சயாமில (இப்ப தாய்லாந்து) இருந்து பர்மாவுக்கு றெயில் போட ஆள் பிடிச்ச நேரம் அவரையும் கொண்டு போயிட்டாங்கள், திரும்பி வரேல்ல. கூடப் போய்த் தப்பி வந்த ஒருத்தர் சண்டை முடிஞ்ச பிறகு ஊருக்கு ஒரு கடுதாசி போட்டவர், அதில இருந்த வரிய தாத்தா ஒரு பழைய கொப்பியின்ட பின்பக்கத்தில எழுதி வச்சிருந்தவர். 2009 இல எல்லாத்தோடயும் அந்தக் கொப்பியும் போயிட்டு. ஆனா அப்பாக்கு அந்த வரி மனப்பாடம். அவர் சொல்றது இதுதான்: "கொங்கைத்தாவுக்கு ரெண்டு கட்ட கீழ, ஆத்து வளைவுல, மேட்டு மேல மூங்கி கொட்டாயி, காலராவுல போயிட்டாரு."

இத்தனை வருசமா வீட்டில எல்லாரும் கொங்கைத்தா எண்டதை ஒரு ஆளின்ட பேர் எண்டுதான் நினைச்சம், கொங்குநாட்டு அத்தை ஆரோ எண்டு பாட்டி சொல்லுவா. போன மாசம் அந்த றெயில் பாதை ஸ்டேசன் லிஸ்ட் ஒண்டைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க கொங்கோய்தா எண்ட பேர் கண்ணில பட்டுது. எனக்குக் கை நடுங்கிப்போட்டுது, உண்மையா. ஆனா கூகிள் மெப்பில தேடினா அப்பிடி ஒரு ஊரும் இல்லை. நெட்டில இருந்து பழைய ஷீட் நாலைஞ்சு இறக்கி வச்சிருக்கிறன், கால் இஞ்சி ஷீட்டும் (நாலு மைலுக்கு ஒரு இஞ்சி) இருக்கு 1:50,000 உம் இருக்கு, மலையும் கோடுமா கண் பூக்குது. அப்பாக்கு 76 வயசு. அவருக்கு அந்த இடத்தில ஒரு புள்ளி வச்சுக் காட்டோணும், அவ்வளவுதான் எனக்கு வேணும்.

கியூஜிஐஎஸ்_தம்பி:
அண்ணை, அந்தப் பாலம் இருக்கெல்லோ, காஞ்சனபுரியில குவாய் ஆத்துப் பாலம், அதைக் கூகிள் ஏர்த்தில பிடிச்சுக்கொண்டு ஆத்தோட மேல மேல போங்கோ, பாதை முழுக்க ஆத்தோடதான் போனது, கொங்கோய்தா பாதையின்ட இரண்டு பக்கமும் வந்து சேர்ந்த இடம், 1943 ஒக்ரோபர் 17. தாய்லாந்துப் பக்கம் பாதை தொடங்கின நொங் பிளாடுக்கில இருந்து 262 கிலோமீற்றர் சொச்சம். அளந்து கொண்டு போனா வந்திடும்.

புவியியல்_ரீச்சர்:
தம்பி, அவசரப்படாதேங்கோ, பாலத்தில இருந்து ஆத்தைப் பிடிச்சுக்கொண்டு மேல போனா வேற பள்ளத்தாக்குக்குள்ள போயிடுவியள்! அந்தப் பாலம் நிக்கிற ஆறு யுத்த காலத்து மெப்பில மே க்ளோங். 1960களிலதான் அந்தத் துண்டுக்கு குவாய் யாய் எண்டு பேர் மாத்தினவை, பாலம் பேர் பெற்று சனம் வந்து "குவாய் எங்க" எண்டு கேக்கத் தொடங்கின பிறகு. றெயில் பாதை அந்த ஆத்தைக் கடந்து மற்ற ஆத்தின்ட பள்ளத்தாக்குக்குள்ள போகுது, அது குவாய் நொய், சின்ன குவாய். இரண்டும் காஞ்சனபுரி ரவுணடியிலதான் சேருது. குவாய் நொய்யைப் பிடிச்சு வடமேற்கால போங்கோ, அது எல்லையில இருக்கிற மூண்டு பகோடாக் கணவாய்ப் பக்கம் கொண்டு போகும்.

பேர் கிடைக்காததுக்கும் காரணம் இருக்கு. கொங்கோய்தா எண்டது வெளியாக்கள் வாயில மாறின உச்சரிப்பு. தாய்லாந்துக்காரர் சொல்றது கேங் கோய் தா. கேங் எண்டா ஆத்தில பாறையில தண்ணி விழுந்து பாயிற இடம், எங்கட ஆக்கள் நீர்விரைவு எண்டு புத்தகத்தில எழுதுறது. அப்ப உங்கட பெரிய தாத்தாவின்ட கூட்டாளி "கொங்கைத்தா" எண்டு எழுதினதும் இந்தப் பேரைத்தான். அவர் காதால கேட்டு எழுதியிருக்கிறார். பழைய ஷீட்டில பேரைத் தேடாதேங்கோ, ஆறு ஒடுங்கி இரண்டு பக்கமும் கொன்ரூர் (சம உயரக் கோடு) நெருங்கி வாற இடத்தைத் தேடுங்கோ.

சங்கிலிக்காரன்:
நான் நில அளவையில வேலை செய்து இளைப்பாறினவன், வவுனியா. சங்கிலி பிடிக்கிற ஆளாச் சேர்ந்தது, அதால இந்தப் பேர். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி, 80 சங்கிலி போட்டா ஒரு மைல், இண்டைக்கும் நான் றோட்டில நடந்தா கால் தானா எண்ணும்.

தம்பி, மெப்பைத் திறந்த உடன நடுவில பாக்காதேங்கோ. முதல் ஓரத்தைப் பாருங்கோ. எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு அச்சடிச்சது, இரண்டும் ஒண்டில்லை. எங்கட ஒரு இஞ்சி ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கோ, ஒரு மைல் தரைக்கு ஒரு இஞ்சி கடதாசி, 1:63,360, இலங்கை முழுக்க 72 ஷீட், 1897 இல தொடங்கி 1924 இல முடிச்ச வேலை. இரணைமடுக் கட்டு 1902 இல தொடங்கினது. அப்ப கனகராயன் ஆத்துப் பக்கம் ஒரு ஷீட்டைக் காட்டி இஞ்ச குளம் இல்லை எண்டு ஒருத்தரும் இருக்கு எண்டு இன்னொருத்தரும் அடிபட்டா, இரண்டு பேரும் சரியா இருக்கலாம், கையில இருக்கிறது எந்த வருசத்துப் பதிப்பு எண்டதுதான் கேள்வி. சயாம் எல்லையும் அப்பிடித்தான்.

இனி நம்பர். பர்மா அந்த நேரம் இந்தியன் சேர்வேக்குக் கீழ. அவை நாலு பாகை நீளம் நாலு பாகை அகலம் ஒரு கட்டமா வெட்டி நம்பர் போட்டவை. 95 ஆம் கட்டம் வடக்கு 12 இல இருந்து 16, கிழக்கு 96 இல இருந்து 100. அதைப் பதினாறாப் பிரிச்சு ஏ, பி, சி, டி எண்டு மேல இருந்து கீழ, பிறகு அடுத்த நிரல் ஈ, எஃப் எண்டு போகும். மூண்டு பகோடாக் கணவாய் வடக்கு 15 பாகை 18 கலை (60 கலை ஒரு பாகை), கிழக்கு 98 பாகை 24 கலை. மூண்டாம் நிரல், மேல் வரிசை, அப்ப 95 ஐ. அதான் உங்கட கால் இஞ்சி ஷீட். அதைத் திருப்பியும் பதினாறாப் பிரிச்சா ஒவ்வொண்டும் 15 கலை, இரண்டாம் நிரல் மூண்டாம் வரிசை, 7. அப்ப ஒரு இஞ்சி ஷீட் 95 ஐ 7. இந்தக் கணக்கை ஒருக்கா கடதாசியில கட்டம் கீறிச் செய்து பாருங்கோ, பிறகு எந்த ஷீட்டும் கேக்காமலே எடுப்பியள். கொங்கோய்தா அதுக்குத் தென்கிழக்கால.

எல்லைக்கு அங்கால பாக்கேக்க கவனம். அளக்கிறவன் பிளேன் டேபிளை (மெப் கீறுற பலகை மேசை) தூக்கிக்கொண்டு தன்ர நாட்டுக்குள்ளதான் ஏறி இறங்குவான். அங்காலப் பக்கத்துக் கோடு துண்டு துண்டா இருந்தா அது கொன்ரூர் இல்லை, மலை இப்பிடித்தான் கிடக்கும் எண்டு கண்ணால பாத்துக் கீறின உருவக்கோடு. அதில உயரம் எண்ணக்கூடாது.

இன்னொண்டு, மிகப் பழைய இந்தியன் ஷீட்டில கிழக்குத் தீர்க்கரேகை மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின்ட பழைய கணக்கில நிக்கும், 2 கலை 27 விகலை கழிக்கச் சொல்லி ஓரத்தில எழுதியிருக்கும். அந்த இடத்தில அது நாலு கிலோமீற்றருக்கு மேல. வாசிக்காம விட்டியள் எண்டா புள்ளி அடுத்த மலையில போய் விழும்.

இதுகளை எழுதேக்க ஒண்டு ஞாபகம் வருது. தொண்ணூறுகளில ஒரு இடப்பெயர்வில என்னட்ட இருந்த பழைய ஒரு இஞ்சி ஷீட்டை நானே அடுப்பில வச்சனான். மெப் வச்சிருக்கிற ஆளைச் செக்கிங்கில பிடிச்சா என்ன நடக்கும் எண்டு அப்ப இருந்தாக்களுக்குத் தெரியும். குளத்துப் பேர் ஒவ்வொண்டும் அதில இருந்தது, இப்ப காடு மூடிப்போன குளங்கள், ஆறு ஏழு பரப்புக் குளங்கள் கூட. அது எரிஞ்சது இண்டைக்கும் நெஞ்சுக்குள்ள நிக்குது. அதால சொல்றன், இறக்கின ஃபைலை மூண்டு இடத்தில சேமிச்சு வையுங்கோ.

பாரதிபுரம்_பொடியன்:
ஐயா, ராத்திரி இருந்து கட்டம் கீறிப் பாத்தன், 95 ஐ 7 வந்திட்டுது! என்ர கையில இருக்கிற கால் இஞ்சி ஷீட்டின்ட மேல் மூலையில 95 ஐ எண்டு இருந்ததை இவ்வளவு நாளும் கவனிக்கேல்ல. ரீச்சர், ஆறு எந்தப் பக்கம் ஓடுது எண்டு எனக்குப் பிடிபடேல்ல. எல்லைக் கோட்டுக்குக் கிட்ட நூல் நூலா ஆறுகள், எது குவாய் நொய்க்குப் போகுது எது பர்மாப் பக்கம் போகுது எண்டு தெரியேல்ல.

புவியியல்_ரீச்சர்:
ஓ.எல் பிள்ளையளுக்கு 1:50,000 மெப் கேள்வியில நான் முதல் சொல்லிக்குடுக்கிறது இதுதான். கொன்ரூர் கோடு ஆத்தைக் கடக்கேக்க வி மாதிரி மடியும், மடிப்பின்ட கூர் எப்பவும் ஆறு வாற பக்கத்தை, அதாவது மேல்பக்கத்தைக் காட்டும். வன்னியில தரை தட்டை, பாலியாத்திலயோ பேராத்திலயோ ஒரு ஷீட்டில இரண்டு மூண்டு மடிப்புத்தான் பாக்கலாம், அதால எங்கட பிள்ளையள் இதைப் பாடமாக்கித்தான் எழுதுவினம். நீங்கள் பாக்கிற மெப்பில ஒரு விரலகலத்துக்குள்ள பத்து மடிப்பு இருக்கும், ஒருக்காக் கண்டா மறக்காது.

எல்லையும் அதிலயே தெரியும். பிரிட்டிஷ்காரரும் சயாமும் 1868 இல தெனாசெரிம் பக்கத்து எல்லைக்கு ஒப்பந்தம் போட்டவை. வடக்கால மோயி ஆறுதான் எல்லை, ஆனா மூண்டு பகோடாப் பக்கம் தண்ணி பிரியிற முகடு எல்லை. முகட்டுக்கு இஞ்சால விழுற மழை குவாய் நொய்யால சயாம் வளைகுடாவுக்குப் போகும், அங்கால விழுறது சாமி ஆறு, அத்தரான் ஆறு எண்டு போய் மௌல்மெய்னில கடலுக்கு. வி எந்தப் பக்கம் பாக்குது எண்டு பாருங்கோ, எல்லைக்கோடு அழிஞ்சு போன ஸ்கானிலயும் நாடு எது எண்டு தெரிஞ்சிடும்.

தோட்டத்து_மகள்:
நான் இந்தத் திரியை ஆரம்பத்தில இருந்து வாசிக்கிறன், அழுகை வந்திட்டு. எங்கட வீட்டிலயும் மலாயாவுக்குப் போன சொந்தம் இருக்கு. தம்பி, "ரெண்டு கட்ட" எண்டதை இரண்டு கிலோமீற்றர் எண்டு எடுத்திடாதேங்கோ. தோட்டத்தில கட்டை எண்டா மைல்கட்டை, ஒரு கட்டை ஒரு மைல். மலேசியாவில தமிழாக்கள் இண்டைக்கும் அஞ்சாம் கட்டை, ஏழாம் கட்டை எண்டு இடத்துக்குப் பேர் வச்சிருக்கினம். பேராக்கில வேலை செய்த மனுசன் கட்டை எண்டு எழுதினா அது மைல்தான். இரண்டு கட்டை மூண்டே கால் கிலோமீற்றர் வரும்.

கியூஜிஐஎஸ்_தம்பி:
அக்கா சொல்றது சரி எண்டாலும் ஒரு சந்தேகம், யப்பான்காரர் பாதைக்குக் கிலோமீற்றர்தான் போட்டவை, காம்புக்குப் பேரே கிலோமீற்றர் கணக்கில, பர்மாப் பக்கம் 55 கிலோ காம்ப், 105 கிலோ காம்ப் எண்டு அந்தப் பக்கம் பாதை தொடங்கின தன்பியூசயாட்டில இருந்து எண்ணினது. பாதையோட நட்ட முளையைக் கண்ணால பாத்துக்கொண்டு வேலை செய்த ஆள் அதையே கட்டை எண்டு எழுதியிருக்கலாமெல்லோ? அப்ப இரண்டு கிலோமீற்றர்.

பாலம் விசயத்தில ரீச்சர் திருத்தினதுக்கு நன்றி, நான் அந்தப் பாலத்தைப் பற்றின சினிமாப் படத்தை நம்பிச் சொல்லிப்போட்டன்.

பழைய ஷீட்டை கியூஜிஐஎஸ் எண்ட மெப் மென்பொருளில ஏத்தேக்க டேட்டம் (எந்தப் பூமி உருவக் கணக்கில அளந்தது எண்டது) பாக்கோணும். இந்தியா, பர்மா, தாய்லாந்து, எங்கட இலங்கை மெப்பின்ட கண்டவளை டேட்டம் எல்லாமே எவரெஸ்ட் 1830 நீள்கோளத்தில கணக்குப் போட்டது, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84. அப்பிடியே தூக்கி வச்சா சில நூறு மீற்றர் தள்ளி நிக்கும். ஆத்து வளைவு தேடுற உங்களுக்கு அது பெரிய பிழை. 1:50,000 ஷீட்டில எல்708 எண்டு போட்டிருந்தா அதை எடுங்கோ, அது 1953, 54 இல பிளேனில எடுத்த படத்தை வச்சு அமெரிக்கன் ஆமியும் தாய் சேர்வேயும் செய்தது. எல்லைக்கு அங்காலயும் இங்காலயும் படம் ஒண்டுதான், அதால சங்கிலிக்கார ஐயா சொன்ன உருவக்கோட்டுப் பிரச்சினை குறையும். பாதை மூடி பத்து வருசம் ஆகாத நேரம்.

சங்கிலிக்காரன்:
கட்டை விசயத்தில நான் அக்கா பக்கம். மனுசன் தன்ர வாழ்க்கையில எந்த அளவால நடந்தானோ அந்த அளவாலதான் கடுதாசி எழுதுவான். ஆனா தம்பி சொன்னதைத் தள்ளவும் ஏலாது. இரண்டு புள்ளி வையுங்கோ. சேர்வேயில சந்தேகம் இருந்தா இரண்டையும் குறிச்சு வைக்கிறது, ஒண்டை அழிக்கிறதில்லை.

"கீழ" எண்டதும் பாருங்கோ. ஆறு ஓடுற திசையில கீழயா, இல்லை மேட்டில இருந்து பள்ளத்தில கீழயா? ஆத்து வளைவு எண்டு அடுத்த சொல் வாறதால ஆத்தோட கீழ எண்டுதான் நான் எடுப்பன், அப்ப தென்கிழக்கால.

அலைகரை:
நான் நீர்ப்பாசனத்தில வேலை, வவுனிக்குளம் பக்கம். ஒருத்தரும் இன்னும் சொல்லேல்ல, சொல்லத்தான் வேணும். பொடியன், நீங்கள் கூகிளில தேடிக் கிடைக்காததுக்குப் பேர் மட்டும் காரணமில்லை. குவாய் நொய்யில தொங் பா பூம் இடத்தில 1984 இல காவோ லேம் அணை கட்டி முடிச்சவை, இப்ப வஜிராலொங்கோர்ன் அணை எண்டு பேர். கொங்கோய்தாவும் அதுக்கு மேல கீழ உள்ள பள்ளத்தாக்கும் அந்த நீர்த்தேக்கத்துக்கு உள்ள. மேல மூண்டு ஆறு வந்து கூடுற இடத்தில இருந்த பழைய சங்கலபுரி ஊரே தண்ணிக்குள்ள போய், ஊரைத் தூக்கி மேட்டில வச்சவை. வறட்சியில தண்ணி இறங்கேக்க அங்கத்தைப் பழைய கோயில் வெளியில வரும். றெயில் பாதை இண்டைக்கு நாம் தோக் மட்டும், தொடக்கத்தில இருந்து 130 கிலோமீற்றர்தான் ஓடுது, அதுக்கு மேல தண்டவாளம் கழட்டியாச்சு.

உங்களுக்கு இது கஸ்ரமான செய்தி எண்டு தெரியும். ஆனா அதாலதான் அந்த 1950களின்ட ஷீட் பெறுமதி. அணைக்கு முப்பது வருசம் முதல் எடுத்த படம், ஆறு ஆறாக் கிடக்கு. நாங்கள் இஞ்ச அதைத்தான் செய்யிறது. வவுனிக்குளம் திருத்த முதல் இருந்த ஷீட்டை எடுத்தா பாலியாறு குளத்துக்குள்ள எப்பிடி வளைஞ்சு போனது, பழைய கட்டு எங்க உடைஞ்சு கிடந்தது எல்லாம் தெரியும், இண்டைக்குக் கட்டில நிண்டு பாத்தா தண்ணி மட்டும்தான். மாரியில வான் பாயேக்க அலைகரை எங்க மட்டும் வரும் எண்டு கேட்டா பழைய ஷீட்டில அந்த மட்டத்துக் கொன்ரூரைப் பிடிச்சுக் கலர் பென்சிலால கீறினாப் போதும், குளம் தானா உருவாகி வரும். நீங்களும் செய்யுங்கோ. இப்பத்தைய சற்றலைற் படத்தில நீர்க்கரை எங்க நிக்குது எண்டு பாத்து அதே உயரக் கோட்டை எல்708 இல கீறுங்கோ. "மேட்டு மேல" எண்ட மேடு தண்ணிக்கு வெளியில தலை காட்டுதா இல்லையா எண்டு அப்ப தெரியும்.

பாரதிபுரம்_பொடியன்:
அலைகரை அண்ணை, உங்கட பதிவை வாசிச்சிட்டு இரண்டு நாள் ஒண்டும் எழுத மனம் வரேல்ல. அப்பாட்ட எப்பிடிச் சொல்றது எண்டு தெரியேல்ல.

புவியியல்_ரீச்சர்:
சொல்லுங்கோ தம்பி. அந்தப் பாதையில 60,000 போர்க்கைதிகளுக்கு மேல வேலை செய்து 12,000 பேருக்கு மேல செத்தவை, அவையில பெரும்பாலான ஆக்களுக்குக் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் மயானங்களில கல் இருக்கு, பேர் இருக்கு. மலாயாவில இருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல கொண்டு போனவை, அதில கனபேர் எங்கட தமிழாக்கள், பர்மாக்காரர், யாவாக்காரர் எல்லாம் சேத்து ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் மட்டில செத்தவை எண்டுதான் மதிப்பிடுகினம். அவைக்குப் பேர்ப்பட்டியல் இல்லை. 1943 மழைக்காலத்தில காலரா வந்த நேரம் காம்பில எரிச்சதும் தாட்டதும்தான். உங்கட அப்பாட்ட ஒரு வரி இருக்கு, ஆறு இருக்கு, வளைவு இருக்கு, தூரம் இருக்கு. இவ்வளவும் இருக்கிற குடும்பம் எத்தினை?

தோட்டத்து_மகள்:
ரீச்சர் சொன்னதுதான். மறைக்காதேங்கோ, பெரியாக்கள் நாங்கள் நினைக்கிறதைவிடத் தாங்குவினம்.

பாரதிபுரம்_பொடியன்:
நேற்று ஞாயிற்றுக்கிழமை செய்தன், எழுதுறன். கியூஜிஐஎஸ்_தம்பி ஷீட்டை நேர்ப்படுத்தி அனுப்பினவர், நன்றி தம்பி. ரவுணில ஒரு கடையில ஏ3 இல இரண்டு துண்டாப் பிறின்ற் எடுத்து ஒட்டினன். ஆறு ஒடுங்கி கொன்ரூர் நெருங்குற இடத்தைப் பிடிச்சு, அதில இருந்து நூலை ஆத்து வளைவோட வளைவா வச்சு அளந்தன். 1:50,000 இல இரண்டு கிலோமீற்றர் எண்டா நாலு சென்ரிமீற்றர் நூல், இரண்டு மைல் எண்டா ஆறு சென்ரிமீற்றருக்குச் சொச்சம். நாலு சென்ரிமீற்றரில ஆறு நேரா ஓடுது. ஆறரைக்குக் கொஞ்சம் முன்னுக்கு இடது பக்கமா ஒரு வளைவு, வளைவுக்கு உள்ப்பக்கம் ஒரு கொன்ரூர் தனியா வட்டமா மூடிக் கிடக்கு. மேடு. தோட்டத்து_மகள் அக்கா, கட்டை மைல்தான். சங்கிலிக்கார ஐயா சொன்னபடி இரண்டு புள்ளியும் வச்சிருக்கிறன், மற்றதை அழிக்கேல்ல. நீலப் பென்சிலால நீர்மட்டக் கோடும் கீறினன். அந்த மேடு உள்ளுக்குத்தான்.

அப்பா மேசையில விரிச்சு வச்சுக் கண்ணாடியப் போட்டுக்கொண்டு கனநேரம் பாத்தார். நீலம் என்ன எண்டு கேட்டார், அணை கட்டின கதையச் சொன்னன், ம் எண்டார். பிறகு "தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?" எண்டார். ரீச்சர் சொன்ன மாதிரி வி மடிப்பைக் காட்டினன். அவர் கடதாசியைத் திருப்பி, ஆறு தன்ர பக்கம் ஓடி வாற மாதிரி வச்சுக்கொண்டு, கொங்கைத்தாவில விரலை வச்சு வளைவு மட்டும் மெதுவாக் கொண்டு வந்தார். "ரெண்டு கட்ட" எண்டு ஒருக்காச் சொன்னார். பின்னேரம் திருப்பியும் எடுத்து விரிச்சு, மலாயாவில இருந்து வந்த பாதை எதால வந்து ஏறினது எண்டு கேக்கிறார், தாய்லாந்தில பான் பொங் ஸ்டேசனில றெயிலால இறக்கி அங்க இருந்து காட்டுக்குள்ளால நடத்திக் கொண்டு போனவை எண்டு நான் வாசிச்சதைச் சொன்னன். அந்த நடந்த வழியையும் கீறித் தரச் சொல்றார்.

அதுக்கு இந்த ஷீட்டுக்குக் கீழ உள்ளது எல்லாம் வேணும், பாதையோட இருந்த காம்புகளான தக்கானூனில இருந்து தாசாவ் மட்டும், அதே எல்708 வரிசையில. என்ர கையில இருக்கிறதில ஒண்டின்ட ஸ்கான் ஓரம் வெட்டுப்பட்டு ஆண்டு தெரியேல்ல. ஆரிட்டயாவது ஓரம் முழுசா உள்ள ஃபைல் இருந்தாப் போடுங்கோ.